பெயரைப் போட்டு நீக்காதீர்கள்

தரவுத்தளம் பராமரிக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை நாங்கள் உயிரோடு இருப்பதே ஒருவருக்கும் தெரியாது, ஒன்று பிசகினால் மட்டும் எங்கள் பெயர் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

நான் தர்சினி. திருகோணமலையில் துறைமுகப் பக்கமாக இருக்கிற மீனவர் சங்கக் கந்தோர் ஒன்றில் வேலை. இங்கேயிருந்து புறப்படுகிற பலநாள் படகுகள் எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் கடலில் இறங்கும். எந்தப் படகு, அதில் யார் யார் ஏறினார்கள், எப்போது திரும்பினார்கள் என்பதெல்லாம் கணினியில் பதிவாகும். அந்தப் பதிவுகள் கிடக்கிற கிடங்கைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இதே மாதிரி ஏதாவது ஒரு கிடங்கோடு மாரடிக்கிற சகபாவி யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு வந்து இருங்கள். உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

என்ன வேலை என்று கேட்டால்

கந்தோருக்கு என்னை ஏற்றிக்கொண்டு போகிற ஓட்டோக்கார அண்ணன் ஒருநாள் கேட்டார், "தங்கச்சி, சங்கத்தில நீங்கள் என்ன வேலை?" என்று. இந்தக் கேள்விக்கு எங்கள் தொழிலில் ஒருவரிடமும் நல்ல பதில் கிடையாது. உங்களிடம் இருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள். "ஆக்கள் கம்பியூட்டரிட்டக் கேள்வி கேட்பினம், அதுக்குக் கெதியாப் பதில் வரப் பண்ணுறது என்ர வேலை" என்றேன். "அப்ப பதில் உங்களுக்குத் தெரியுமோ?" என்றார்.

தெரியாது. அதுதான் உண்மை. ஆட்களின் விபரத்தைப் பார்க்கிற உரிமை முன்மேசையில் இருக்கிற ரிஹானாவுக்கு மட்டும்தான். கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், வாயும் கையும் ஒரே வேகம். எனக்குத் தந்திருப்பது பராமரிப்புப் பக்கம். கதவைப் பூட்டலாம், திறக்கலாம், எண்ணெய் போடலாம், உள்ளே எட்டிப் பார்க்க ஏலாது. அது நியாயமான ஏற்பாடுதான், எனக்கு அதில் குறை இல்லை. இதையெல்லாம் நான் விளக்கி முடிக்கும்போது கந்தோர் வாசல் வந்துவிட்டது. வாசலில் படுத்திருந்த மான் (எங்கள் ஊரில் மான்கள் மாடு மாதிரித் தெருவில்தான் திரியும்) எழும்பி வழி விடும்வரை ஓட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு அவர் யோசித்தார்.

"கேட்கிறதும் நீங்கள் இல்லை, பதில் சொல்லுறதும் நீங்கள் இல்லை, சம்பளம் மட்டும் உங்களுக்கு. நல்ல வேலை தங்கச்சி, விட்டிடாதேங்கோ."

போனவர்

இந்தக் கிடங்கைக் கட்டியவன் ரமணன். எனக்கு முதல் இந்தக் கதிரையில் இருந்தவன், கெட்டிக்காரன், இப்போது கட்டாரில் வேலை. அவன் கட்டியது ஆவணத் தரவுத்தளம் என்கிற வகை. ஒவ்வொரு பயணமும் ஒரு முழு ஆவணம். படகின் பெயர், இலக்கம், ஏறிய ஆட்கள், அவர்களின் ஊர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஒவ்வொரு ஆளின் பெயருக்குப் பக்கத்திலும் அவர் நிலைமையை ஒரே சொல்லில் காட்ட வேண்டும். படகு வெளிக்கிட்டால் "போனவர்", திரும்பினால் "வந்தவர்". ரமணனின் மூளைக்கு அது சரியாகத்தான் பட்டிருக்கும்.

எங்கள் பக்கம் கடைக்குப் பாண் வாங்கப் போகிறவன்கூட "போறன்" என்று சொல்லமாட்டான், "போட்டு வாறன்" என்றுதான் சொல்வான். அப்படிப்பட்ட ஊரில், புருஷன் எப்போது வருவார் என்று கேட்க வந்த பெண்ணுக்குத் திரையைத் திருப்பிக் காட்டினால், அங்கே அவர் பெயருக்கு நேரே பெரிய எழுத்தில் "போனவர்" என்று நிற்கிறது. ஒரு பெண் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். நான் வேலைக்குச் சேர்ந்ததும் ரிஹானா என்னிடம் கேட்ட முதல் உதவி, "அக்கா, அந்தச் சொல்லை எப்பிடியாவது மாத்துங்க" என்பதுதான்.

எங்கள் மனேஜர் நடராசா சேருக்கு எதை மாற்றுவதென்றாலும் பயம். "ஒரு சொல்லில என்ன பிள்ளை இருக்கு?" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தன் மனைவியிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். அடுத்தநாள் காலையில் வந்து கதிரையில் இருக்க முன்னமே, "மாத்து, மாத்து" என்றார். வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. "போனவர்" இருந்த இடமெல்லாம் "வருவார்" என்று மாறியது. அன்று பின்னேரம் வந்த பெண் ஒருத்தி திரையை வாசித்துவிட்டுச் சொன்னது:

"இப்ப வாசிக்க நெஞ்சடைக்கேல்லை. முந்தி இருந்த சொல்லை எழுதின தம்பியை ஒருக்காக் கடலுக்கு அனுப்பிப் பாருங்கோ."

எத்தனை முகமது

முன்மேசைத் திரையில் தேடுவதற்கு இரண்டு வழி இருந்தது. படகின் இலக்கத்தைப் போட்டுத் தேடலாம், அல்லது ஆளின் பெயரைப் போட்டுத் தேடலாம். இலக்கம் போட்டால் பதில் பட்டென்று வரும். பெயரைப் போட்டால் சிவப்பு எழுத்தில் ஒரு வரிதான் வரும்: "கேள்வி நிராகரிக்கப்பட்டது." ரிஹானா அதற்குப் பழகிவிட்டாள். பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிற எவரிடமும், "படகு நம்பரைக் கேட்டுட்டு வாங்க" என்பாள்.

ஏன் இப்படி என்று கேட்டேன். முன்பு ஒரு பின்னேரம், படகுகள் கரைக்கு வருகிற நேரத்தில், ஆட்கள் வரிசையாக நின்று பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பெயர் ஒவ்வொரு பயணத்தின் உள்ளேயும் கிடக்கிறது. ஒரு பெயரைத் தேட, பழைய பயணம் புதிய பயணம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாக வேண்டும். அதிலும் கேட்கிற பெயர்கள் முகமது, ராசா, அந்தோனி. கிடங்கு மூச்சுத் திணறி நின்றுவிட்டது. படகுகளோடு கதைக்கிற ரேடியோ அறைக்காரருக்கும் அதே கிடங்குதான், கடலில் இருக்கிற படகுகளின் விபரம் அவர்களுக்கும் வராமல் போய்விட்டது. நடராசா சேர் அன்று பட்ட பாட்டை இன்னும் மறக்கவில்லை. ரமணன் உடனே ஒரு தடை போட்டு நிலைமையைச் சமாளித்திருக்கிறான். ரிஹானா இதையெல்லாம் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"எங்கட வாப்பாவும் முகமதுதான் அக்கா. இந்த ஊர்ல அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா கடலே திரும்பிப் பார்க்கும்."

கரண்டை நிற்பாட்டினால்

தடை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். இந்த வகைத் தரவுத்தளத்தில், ஒரு கேள்விக்கென்று ஓர் அமைப்பைச் சேமித்து வைக்கலாம். "இப்படிக் கேட்டால் இந்த வழியால் போய்த் தேடு" என்று வைக்கலாம், "இப்படிக் கேட்டால் ஏற்காதே" என்றும் வைக்கலாம். ரமணன் வைத்தது இரண்டாவது. அதை நடராசா சேரிடம் சொன்னதும், கணினி என்ற சாமான் எங்கள் ஊருக்கு வந்த நாளிலிருந்து எல்லாரும் சொல்கிற வைத்தியத்தை அவரும் சொன்னார்: "கரண்டை ஒருக்கா நிப்பாட்டிப் போடு பிள்ளை, எல்லாம் சரிவரும்."

சரிவராது என்றேன். சேமித்த அமைப்பு கிடங்குக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது, கரண்டோடு அழிகிற சாமான் இல்லை, நாங்களாக நீக்கினால்தான் போகும் என்றேன். அவர் நம்பவில்லை. தானே போய் மெயின் சுவிட்சை இறக்கினார். மின்விசிறி நின்றது, ரிஹானாவின் தேநீர்க் கேத்தல் நின்றது, ரேடியோ அறையிலிருந்து ஒருவர் ஓடிவந்து ஏசினார். மறுபடி சுவிட்சைப் போட்டு, எல்லாம் எழும்பி, ரிஹானா ஒரு பெயரைத் தட்டினாள். அதே சிவப்பு வரி. நடராசா சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அப்ப இது கரண்டுக்கும் பயப்பிடாத சாமான்."

ரமணனைத் தேடாதே

சேமித்த அமைப்பைத் திறந்து பார்த்தால் அது இப்படி இருந்தது. ரமணன் தமிழ்ப் பற்றுக் கொண்டவன், பராமரிப்புப் பக்கம் முழுவதையும் தமிழிலேயே செய்திருந்தான். "கேள்வி: பெயர் = ரமணன். செயல்: நிராகரி."

இதை விளங்கிக்கொள்ள ஒரு சின்ன விடயம் தெரிந்திருக்க வேண்டும். தொழில்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிடங்கு கவனிப்பது கேள்வியின் வடிவத்தை மட்டும். "பெயர் இன்னது" என்பது ஒரு வடிவம். அதில் எந்தப் பெயர் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். தடை போடும்போது மாதிரிக்கு ஏதாவது ஒரு பெயரைக் கொடுத்தாக வேண்டும். ரமணன் கையில் வந்தது அவனுடைய சொந்தப் பெயர். அந்த ஒரு வரியால் ஊரில் எவரையும் பெயர் சொல்லித் தேட முடியாமல் போனது.

நான் இதை நடராசா சேருக்கு மூன்று விதமாக விளக்கினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். திரையில் இருந்த பெயரை விட்டு அவர் கண் அசையவில்லை. பெயர்வாரியாக ஒரு சுட்டி செய்து வைத்தால், அதாவது புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று போட்டிருப்பார்களே அந்த மாதிரி ஒன்றைச் செய்து வைத்தால், பெயரைத் தேடக் கிடங்கு திணறாது, தடையையும் நீக்கிவிடலாம் என்றேன். அதற்கு அவருடைய அனுமதி வேண்டும். சங்கத்தின் விதி அது. பிறகு பல தடவை கேட்டும் ஒரே பதில்தான் கிடைத்தது.

"அவன் தன்ர பேரைத்தானே தடுத்து வச்சிட்டுப் போயிருக்கிறான். கட்டாரில இருக்கிறவனை இஞ்ச ஆர் தேடப் போகினம்? கிடக்கட்டும் விடு."

நான் என்ன பிழையாய்

வாடைக் காலம். கடலில் தாழமுக்கம், புயல் வரும், படகுகள் எல்லாம் உடனே பக்கத்துத் துறைமுகங்களுக்குப் போகவேண்டும் என்று அறிவித்தல் வந்தது. ரேடியோ அறையில் ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டார்கள். சில படகுகள் பதில் சொல்லின, சில சொல்லவில்லை. அடுத்தநாள் காலையிலிருந்தே முன்மேசையில் பெண்கள். மழையில் நனைந்த குடைகளைக் கதவடியில் சாத்திவிட்டு நின்றார்கள். படகு இலக்கம் தெரிந்தவர்கள் கேட்டுவிட்டு, ரேடியோ அறையிலிருந்து வருகிற செய்திக்காக ஓரமாக நின்றார்கள்.

அப்போது சம்பூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் பவளம், நாற்பதுக்குள் இருக்கும். புருஷன் செல்வநாயகம் வழக்கமாகப் போகிற படகின் எஞ்சின் பழுது. துறைமுகத்துக்கு வந்தவரை வேறு ஒரு சம்மாட்டி, தன் படகில் ஓர் ஆள் குறைகிறது என்று ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். வேறு படகில் ஏறுகிறேன் என்று போனில் ஒரு வரி சொன்னாராம். எந்தப் படகு என்று சொல்ல முன் சிக்னல் போய்விட்டது. அதன் பிறகு கடலில் ஏது போன்? பவளத்திடம் இருந்தது புருஷனின் பெயர் மட்டும்.

ரிஹானா மனம் கேளாமல் பெயரையே தட்டினாள். சிவப்பு வரி வந்தது. பவளம் மேசைக்கு மேலால் எட்டி, "என்ன பிள்ளை போட்டிருக்கு?" என்று கேட்டாள். ரிஹானா இருந்ததை இருந்தபடி வாசித்துவிட்டாள்: "கேள்வி நிராகரிக்கப்பட்டது, அக்கா."

சம்பூர் ஒருதரம் முழுதாக இடம்பெயர்ந்து, பல வருடம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்த ஊர். மேசைக்கு முன்னால் நின்று ஆட்களின் பெயரைச் சொல்லிக் கேட்பதும், இல்லை என்ற பதிலோடு திரும்புவதும் அந்த ஊர்ப் பெண்களுக்குப் புதிது இல்லை. எனக்கு அந்த இடத்தில் நிற்கவே கூச்சமாக இருந்தது. பவளம் அழவில்லை, சத்தம் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பிழைத்த பிள்ளை மாதிரி மெதுவாகத்தான் கேட்டாள்.

"நான் என்ன பிள்ளை பிழையாக் கேட்டனான்?"

தற்காலிகம்

ரிஹானா படகு இலக்கங்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஏறிய ஆட்களின் பெயரை வாசிக்கத் தொடங்கினாள். வெளியே இருக்கிற படகுகள் ஏராளம். பவளத்துக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. நான் நடராசா சேரிடம் போனேன். அவர் என்னைப் பார்த்ததுமே கையை ஆட்டினார். "இண்டைக்கு மட்டும் வேண்டாம் பிள்ளை. இண்டைக்கு இது நிண்டுதெண்டால் ரேடியோ அறைக்கும் ஒண்டும் தெரியாது. கடலில நிக்கிற எல்லாரையும் விட்டிட்டு நிக்க வேண்டிவரும்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முன்பு ஒருதரம் சூடு கண்டவர். அவர்மேல் கோபம் வரவில்லை.

"ரமணனைக் கேட்டுப் பாப்பம்" என்றார் கடைசியில். கட்டாருக்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டோம். அவன் ஏதோ ஒரு கூட்டத்திலிருந்து எழும்பி வெளியே வந்து கதைத்தான். தடை போட்டது அவனுக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. நான் அந்த வரியை வாசித்துக் காட்டினேன். சுட்டி செய்துவிட்டு நீக்கினால் ஏதும் பிரச்சினை வருமா என்று கேட்டேன். வராது என்றான். பிறகு எங்கள் தொழிலில் இருக்கிற எல்லாரும் ஒருநாளாவது சொல்லியிருக்கிற அந்த வசனத்தை அவனும் சொன்னான்.

"அக்கா, அதை நான் அண்டைக்குப் பின்னேரத்துக்கு மட்டும்தானே போட்டனான்."

நீக்கு

நடராசா சேர் எழும்பி முன்மேசைப் பக்கம் பார்த்தார். பவளம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ரிஹானா வாசிக்கிற ஒவ்வொரு பெயருக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டு நின்றாள். சேர் திரும்பி, "செய் பிள்ளை" என்றார்.

முதலில் சுட்டியைச் செய்தேன். நினைத்ததைவிடக் கெதியாக முடிந்தது. என் மேசை வரிசைக்குப் பக்கத்தில்தான், இடையில் ஒரு அலுமாரி மட்டும். ரிஹானா பவளத்தை அழைத்துக்கொண்டு வந்து என் பின்னால் நின்றாள். இனித் தடையை நீக்க வேண்டும். போட்டபோது மாதிரிக்கு ஒரு பெயர் கொடுத்த மாதிரி, நீக்கும்போதும் அதே வடிவத்தில் ஒரு கேள்வி கொடுக்க வேண்டும். பெயர் எதுவானாலும் சரி. என் மனம் முழுக்க ஒரே பெயர்தானே இருந்தது, கை அதையே தட்டியது. திரையில் வந்தது: "கேள்வி: பெயர் = செல்வநாயகம். செயல்: நீக்கு."

பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது ஒரு சொல்லாக இருக்கவில்லை. திரும்பினேன். பவளம் திரையை வாசித்துவிட்டாள். புயல் நாளில், புருஷன் எங்கே என்று கேட்டு வந்து நிற்கிறவளின் கண்ணுக்கு முன்னால் அவர் பெயரையும் அந்தச் சொல்லையும் ஒரே வரியில் போட்டு வைத்திருக்கிறேன். "இது அவரை இல்லை அக்கா, தடையைத்தான்" என்றேன். வடிவம், மாதிரி என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். ரிஹானா என் தோளைப் பிடித்தாள். "விளக்கம் வேணாம் அக்கா. அவர்ட பேரைப் போட்டு நீக்காதீங்க. வேற பேரைப் போடுங்க."

வேறு யாருடைய பெயரை? சேரின் பெயரா? வாப்பா கடலில் இல்லை என்றாலும் முகமது என்று போட ரிஹானா விடுவாளா? கட்டாரில் இருந்தாலும் ரமணனும் ஒரு தாயின் பிள்ளை. செல்வநாயகத்தை அழித்துவிட்டு என் பெயரைத் தட்டினேன். "கேள்வி: பெயர் = தர்சினி. செயல்: நீக்கு." உண்மையைச் சொன்னால், விசையை அழுத்த முதல் எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. அழுத்தினேன். அந்த அமைப்பு இருந்த இடம் வெறுமையானது.

ரிஹானா தன் மேசைக்கு ஓடிப்போய்ப் பெயரைத் தட்டினாள். பதில் உடனே வந்தது. செல்வநாயகம் என்று மூன்று பேர், அதில் சம்பூர் ஒருவர். படகின் பெயர், இலக்கம், பக்கத்தில் "வருவார்." இலக்கத்தை எடுத்துக்கொண்டு ரேடியோ அறைக்குப் போனாள். அந்தப் படகு முதல்நாளே வாழைச்சேனைத் துறைமுகத்துக்குள் போய் நங்கூரம் போட்டிருந்தது, எல்லாரும் சுகம் என்று சொல்லியும் இருந்தது. அதற்குள் செல்வநாயகம் இருக்கிறார் என்பது மட்டும்தான் ரேடியோ அறையில் ஒருவருக்கும் தெரியாது. ரிஹானா வந்து சொன்னதும் பவளம் கதிரையில் இருந்தாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, எழும்பித் தன் பின்னால் நின்ற பெண்ணுக்கு இடம் விட்டாள்.

"படகு தெரியாட்டிலும் பறவாயில்லை தங்கச்சி. பேரைச் சொல்லிக் கேளுங்கோ, இப்ப ஏற்கினம்."

யார் நீக்கியது

பின்னேரம் வரை பெயர் சொல்லிக் கேட்டார்கள். முகமது கேட்டார்கள், ராசா கேட்டார்கள், அந்தோனி கேட்டார்கள். கிடங்கு திணறவில்லை. நடராசா சேர் ரேடியோ அறைக்கும் என் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தார், மெயின் சுவிட்ச் பக்கம் மட்டும் போகவில்லை.

எந்த மாற்றம் செய்தாலும் சங்கத் தலைவரின் போனுக்கு ஒரு வரி தானாகவே போகும்படி ரமணன் செய்து வைத்திருந்தான். அதை நாங்கள் எல்லாரும் மறந்துபோனோம். அடுத்தநாள் காலை நான் கந்தோருக்குள் நுழைந்தபோது, தலைவர் எனக்கு முன்னமே வந்து என் மேசையடியில் நின்றார். அறுபது வயது தாண்டியவர், முழுக்கைச் சேட்டு, கையில் ஒரு பை மாதுளம்பழம். என்னைக் கண்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. தன் போனை நீட்டினார். அதில் "பெயர் = தர்சினி. செயல்: நீக்கு. நிறைவேற்றப்பட்டது" என்று இருந்தது. அவருக்கும் விளக்கத் தொடங்கினேன். வடிவம் என்றேன், மாதிரி என்றேன். அவர் ஒன்றையும் கேட்கவில்லை. என் கையில் பழப் பையைத் திணித்துவிட்டு, நடராசா சேரின் அறைக் கதவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"ஆர் பிள்ளை உன்னை நீக்கினது? நீ பயப்பிடாத, நான் கதைக்கிறன்!"

வந்தவர்

காற்று அடங்கியபின் பவளமும் செல்வநாயகமும் ஒன்றாக வந்தார்கள். அவர் மெலிந்த, கூச்சமான மனிதர். தன் பெயரைத் திரையில் பார்க்க வேண்டும் என்று பவளம்தான் கூட்டிவந்தாளாம். ரிஹானா பெயரைத் தட்டினாள். பதில் வந்தது, பக்கத்தில் இன்னும் "வருவார்" என்றே இருந்தது. மாற்றட்டுமா என்று பவளத்தைக் கேட்டாள். பவளம் தானே அந்த விசையை அழுத்தலாமா என்று கேட்டாள். அப்படி அழுத்த விதியில் இடம் இல்லை. நடராசா சேர் அந்த நேரம் பார்த்து யன்னலுக்கு வெளியே கடலைப் பார்க்கத் தொடங்கினார். பவளம் அழுத்தினாள். "வந்தவர்" என்று வந்தது. அதை இரண்டு தரம் சத்தமாக வாசித்தாள்.

வெளிக்கிடும்போது செல்வநாயகம் என்னிடம் நன்றி சொல்ல வாயைத் திறந்தார். பவளம் அவரை முந்திக்கொண்டாள்.

"இனி எந்தப் படகெண்டு சொல்லாமல் ஏறிப் பாரும். அப்ப நான் இந்தப் பிள்ளையிட்டச் சொல்லி உம்மட பேரைப் போட்டே நீக்குவன்."

சகபாவிகளே, இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: ஒரு பின்னேரத்துக்கென்று போட்ட தடை போட்டவர் ஊரை விட்டுப் போன பிறகும் நிற்கும், அதை நீக்கப் போகிறவர் மாதிரிக்குத் தன் பெயரையே போட்டுக்கொண்டால் மாதுளம்பழமாவது மிஞ்சும்.